கலிங்கப் போரும் பௌத்தத்தின் தென்திசைப் பரவலும்

கி.மு. 261 அளவில் மௌரியப் பேரரசர் அசோகர் கலிங்கத்தின் மீது நடத்திய போரைப் பற்றி இன்று அறியப்படும் செய்திகளில் ஏறக்குறைய அனைத்தும், அப்போரில் வென்றவரே பாறையில் பொறிக்கச் செய்த ஒரே சாசனத்திலிருந்து கிடைப்பவை. இன்றைய ஒடிசாவின் கடற்கரைப் பகுதியையும் ஆந்திரத்தின் வடபகுதியையும் உள்ளடக்கியிருந்த கலிங்கம், அசோகர் முடிசூடி எட்டாண்டுகள் கழிந்தபோது வீழ்ந்தது என்றும், 1,50,000 பேர் நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர், 1,00,000 பேர் களத்தில் கொல்லப்பட்டனர், அதைப்போல் பன்மடங்கினர் பிற வகைகளில் மாண்டனர் என்றும் அவருடைய பதின்மூன்றாம் பெரும்பாறைச் சாசனம் கூறுகிறது. வெற்றி பெற்ற மன்னர்கள் பகைவரின் அழிவைத் தம் புகழாகப் பொறிப்பதே வழக்கமாக இருக்க, இங்கு அதே அழிவு மன்னரின் வருத்தத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

இச்சாசனத்தின்படி, அறத்தால் பெறும் வெற்றியே உயர்ந்த வெற்றியாகும். தம் புதல்வரும் பேரரும் புதிய நாடுகளை வெல்ல எண்ணலாகாது என்றும் அசோகர் அதில் அறிவுறுத்துகிறார். ஆயினும் அவர் கலிங்கத்தைத் திருப்பித் தரவில்லை. கழிவிரக்கம் கொண்ட நிலையிலும் தண்டிக்கும் ஆற்றல் தமக்கு உண்டு என்று காட்டுவாழ் மக்களை அதே சாசனத்தில் எச்சரிக்கவும் செய்கிறார். மேலும், புவனேசுவரத்தை அடுத்த தௌலியிலும் கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும், அதாவது தோற்ற கலிங்க மண்ணிலேயே, இந்தச் சாசனம் பொறிக்கப்படவில்லை. அதற்கு மாறாக, குடிமக்கள் அனைவரும் தம் மக்களே என்றும், எவரையும் காரணமின்றிச் சிறையிடவோ துன்புறுத்தவோ கூடாது என்றும் அதிகாரிகளுக்கு ஆணையிடும் இரண்டு தனிச் சாசனங்கள் அங்கே இடம்பெற்றன. தொலைவிலுள்ள கந்தகாரில் கிரேக்க மொழியிலும் வெளியான போர்ச்செய்தி, போரால் நொந்த மக்களின் கண்ணில் படாதவாறு தவிர்க்கப்பட்டிருப்பது, அசோகரின் வருத்தத்தோடு அரசியல் நிதானமும் சேர்ந்தே இயங்கியதைக் காட்டுகிறது.

போர்க்களத்தின் குருதியைக் கண்ட அசோகர் அன்றே வாளை எறிந்து பௌத்தரானார் என்ற பள்ளிப்பாடக் கதையைச் சான்றுகள் முழுமையாக ஆதரிப்பதில்லை. கலிங்கம் கைப்பற்றப்பட்ட பின்னரே அறத்தில் தமக்குத் தீவிர ஈடுபாடு பிறந்தது என்று பதின்மூன்றாம் சாசனம் கூறுவது உண்மையே. ஆனால், தாம் உபாசகராகி, அதாவது இல்லறத்தில் இருந்துகொண்டே பௌத்த நெறியைப் பின்பற்றுபவராகி, இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாயிற்று என்றும், முதல் ஓராண்டில் போதிய ஊக்கம் காட்டவில்லை என்றும், சங்கம் எனப்படும் துறவியர் அமைப்பை நெருங்கிய பின்னரே முனைந்து செயல்பட்டதாகவும் அவருடைய சிறுபாறைச் சாசனம் தெரிவிக்கிறது. இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று, படிப்படியாக வளர்ந்தது என்று வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பர் கருதுவது இதனோடு பொருந்துகிறது. பௌத்த நூல்களோ கலிங்கப் போரைப் பேசுவதே இல்லை. நிக்ரோதர் என்னும் இளந்துறவியின் போதனையே அசோகரை மாற்றியதாக இலங்கையின் மகாவம்சமும், சமுத்திரர் என்னும் துறவி சித்திரவதைச் சிறையில் நிகழ்த்திய அற்புதமே மாற்றியதாக வடமொழி அசோகாவதானமும் கூறுகின்றன. 1941இல் தியாகராஜ பாகவதர் நடித்து வெளிவந்த 'அசோக் குமார்' என்னும் தமிழ்த் திரைப்படம்கூட எடுத்துக்கொண்டது இம்மரபில் வந்த, அசோகரின் மகன் குணாளனின் கதையைத்தான், போரை அன்று.

அப்படியானால் பௌத்தத்தின் மீது இப்போரின் தாக்கம் யாது? ஒரு மன்னரின் மனமாற்றத்தைவிட, அவருடைய அரசு இயந்திரம் திரும்பிய திசையிலேயே அதற்கான விடை இருக்கிறது. பத்தாம் ஆட்சியாண்டில் அசோகர் புத்தர் ஞானம் பெற்ற போதிமரத் தலத்துக்குச் சென்றார். அதுமுதல் வேட்டைப் பயணங்களின் இடத்தை அறப்பயணங்கள் பிடித்தன. பதின்மூன்றாம் ஆண்டில் தர்மமகாமாத்திரர் எனப்படும் அறத்துறை அதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். பொதுமக்களுக்கான சாசனங்களில் நிர்வாணம் முதலிய பௌத்தக் கோட்பாடுகள் இல்லை. பெற்றோரைப் பேணல், உயிர்க்கொலை தவிர்த்தல், பிற சமயங்களை மதித்தல் ஆகியவையே அவர் வலியுறுத்திய தர்மமாகும். சங்கத்துக்கென வெளியிட்டவை வேறுவகையானவை: பிக்குகள் பயில வேண்டிய ஏழு பகுதிகளை ஒரு சாசனம் பட்டியலிடுகிறது, சங்கத்தைப் பிளப்போரை வெள்ளாடை உடுத்தி வெளியேற்றுமாறு சாஞ்சி, சாரநாத், கோசாம்பி ஆகிய இடங்களின் சாசனங்கள் ஆணையிடுகின்றன, புத்தர் பிறந்த லும்பினியின் நிலவரி எட்டிலொன்றாகக் குறைக்கப்பட்டது. இத்தகைய ஆதரவே கங்கைச் சமவெளியில் வேரூன்றியிருந்த ஒரு சமயத்துக்கு நெடுந்தொலைவு செல்லும் வாய்ப்பை அளித்தது.

தமிழகத்தைப் பொறுத்தவரை இச்சாசனங்களுக்குத் தனிச்சிறப்பு உண்டு. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனப்பட்ட இலங்கை ஆகிய அனைத்தும் இரண்டாம் பாறைச் சாசனத்தில் பேரரசுக்கு வெளியே உள்ள அண்டை நாடுகளாகவே குறிக்கப்படுகின்றன. மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி அங்கும் செய்யப்பட்டதாகவும், மூலிகைகள் அனுப்பி நடப்பட்டதாகவும் அது கூறுகிறது. சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாளைய விவாதத்துக்கு, 1981இல் திருக்கோவிலூருக்கு அருகிலுள்ள ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியை 'சதியபுதோ' எனக் குறிப்பிட்டு விடையளித்தது. பதின்மூன்றாம் சாசனமும், அறவெற்றி எட்டிய நாடுகளாக, ஐந்து கிரேக்க மன்னர்களின் நாடுகளோடு சோழ, பாண்டிய நாடுகளைச் சேர்த்தே எண்ணுகிறது. கலிங்கத்துக்குப் படை சென்றது. தமிழகத்துக்கு, கலிங்கத்துக்குப் பின்வந்த கொள்கை சென்றது.

அசோகரின் மகன் மகிந்தர் இலங்கை சென்று தேவானம்பிய தீசன் என்னும் மன்னனைப் பௌத்தத்துக்கு மாற்றினார் என்பதும், அசோகரின் மகள் சங்கமித்தை போதிமரக் கிளையோடு யாழ்ப்பாணத்துச் சம்பில்துறையாகக் கருதப்படும் ஜம்புகோளத்தில் இறங்கினார் என்பதும் மகாவம்சம் தரும் வரலாறு. அந்நூலின் தூதுப் பட்டியலில் தமிழகம் தனியே இடம்பெறாவிடினும், பௌத்தம் இங்கும் மகிந்தர் காலத்திலேயே வந்தது என மயிலை சீனி. வேங்கடசாமி 'பௌத்தமும் தமிழும்' என்ற நூலில் வாதிட்டார். அசோகர் எழுப்பியதாகச் சொல்லப்பட்ட தூபி ஒன்றைக் காஞ்சிப் பகுதியில் குறிப்பிடும் சீனப் பயணி யுவான் சுவாங்கின் 7ஆம் நூற்றாண்டுப் பதிவும், மணிமேகலைக் காப்பியமும், அகழாய்வில் வெளிப்பட்ட காவிரிப்பூம்பட்டினத்துப் புத்த விகாரையும், இராசராசன் காலத்தில் எழுந்த நாகப்பட்டினம் சூடாமணி விகாரையும், இச்சமயம் தமிழ்மண்ணில் நெடுங்காலம் நிலைத்திருந்ததற்குச் சான்றுகளாகும்.

நூல்கள் மறந்த போரை மீட்டுத் தந்தது 19ஆம் நூற்றாண்டின் எழுத்தாராய்ச்சியாகும். 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தறிந்த பின்னரே, மரபுக்கதைகளின் அசோகரோடு கலிங்கத்துக்காக வருந்திய அசோகரும் உலகுக்கு அறிமுகமானார். நவீன பௌத்த மறுமலர்ச்சியில் அவருக்கு முதன்மை இடம் கிடைத்தது: சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார்; சென்னைப் பேராசிரியர் லட்சுமி நரசு 1907இல் வெளியிட்ட பௌத்த நூலை அம்பேத்கர் 1948இல் முன்னுரையுடன் மீண்டும் பதிப்பித்தார்; 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவ அசோக விஜயதசமி எனப்படும் நாளையே தேர்ந்தெடுத்தார். கோடம்பாக்கத்தை அடுத்த அசோக் நகரின் சிங்கத் தூண், சாரநாத் சிங்கங்களைச் சின்னமாகக் கொண்ட குடியரசு அம்மன்னருக்கு அளித்த இடத்தை நகரவாசிகளுக்கு அறிவிக்கிறது. எனினும் அச்சிங்கங்களைவிட எண்ணிப்பார்க்கத்தக்கது, வென்றவரே தாம் விளைத்த சாவுகளைக் கணக்கிட்டுக் கல்லில் எழுதி, அக்கணக்கை இனி எந்த வெற்றிக்கும் அளவுகோலாக்கியதுதான்; பௌத்தம் படையின்றிக் கடல் கடந்ததற்கு அக்கொள்கையும் ஒரு காரணமாயிற்று.