கைதி அங்கே இருந்தானா?

கொலை வழக்கொன்று பத்திரிகைகளில் வெளியானதும் ஜனங்கள் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவது வழக்கம். "அந்த வேளையில் நான் அவ்விடத்திலேயே இல்லை" என்று குற்றம் சாட்டப்பட்டவன் சொன்னால், "அகப்பட்டவன் எவன்தான் இப்படிச் சொல்லவில்லை?" என்று ஒரு கட்சியார் நகைக்கிறார்கள். "பாவம், யாரையோ பிடித்துப் போட்டுவிட்டார்கள்" என்று மற்றொரு கட்சியார் பரிதபிக்கிறார்கள். நகைப்பும் ருஜுவாகாது, பரிதாபமும் ருஜுவாகாது. பிராசிக்யூஷன் தரப்பார் சொல்லும் கதை கடிகாரத்தோடு ஒத்துப் போகிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

விருதுநகர்வாசிகள் சந்தேகத்தின் பேரில் தொடரப்படும் வழக்குகளை அறியாதவர்கள் அல்லர். 1933இல் விருதுநகர் தபாலாபீஸையும் ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் ஸ்டேஷனையும் பற்றி எழுந்த வெடிகுண்டு வழக்கில் காமராஜரையே சிக்க வைத்தார்கள். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பும் அவருக்குத் துணை நின்றார்கள். வழக்கு நிற்கவில்லை, காமராஜர் விடுதலையானார். அவருக்கு அத்தகைய துணை கிடைத்தது. கிடைக்காதவன் கதி என்ன என்பதே நமது கவலை.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1872ஆம் வருஷத்துச் சாக்ஷியச் சட்டத்தின் 11வது பிரிவு ஓர் உதாரணம் காட்டியது. கல்கத்தாவில் குற்றம் நடந்த தினத்தில் கைதி லாகூரில் இருந்தான் என்பது விசாரணைக்குரிய விஷயம் என்றது அது. லாகூர் வேறு நாட்டுக்குப் போய்விட்டது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள புதிய சாக்ஷியச் சட்டத்தில் சென்னையும் லடாக்கும் அவ்விடங்களைப் பிடித்துக்கொண்டன. ஊர் மாறினாலும் நியாயம் மாறவில்லை. ஒரே மனிதன் ஒரே வேளையில் இரண்டிடத்தில் இருக்க முடியாது.

ஆனால் சென்னைக்கும் லடாக்குக்கும் உள்ள தூரம் எல்லாக் கைதிகளுக்கும் வாய்ப்பதில்லை. சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மாலை ஐந்தரை மணிக்குச் சிவகாசியில் ஒருவனைக் கண்டதாகப் பத்துப் பேர் சொன்னாலும், ஏழு மணிக்கு விருதுநகரில் அவன் இருந்திருக்க முடியாது என்று அதனால் ஏற்படாது. இருந்திருக்கவே முடியாது என்று காட்டினால்தான் அவ்வாதம் முழுப் பயன் தரும். இதை நாம் மறுக்கவில்லை.

எனினும் அவ்வாதம் தோற்றவுடனே குற்றம் ருஜுவாகிவிட்டதென்று நினைப்பது பெரும் பிழை. வழக்கை ருஜுப்படுத்தும் பாரம் முதலில் பிராசிக்யூஷன் தலையில் இருக்கிறது. அதை அவர்கள் இறக்கி வைத்த பிறகே கைதியின் பாரத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1996இல் பினய்குமார் சிங் வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. கைதி தரப்புச் சாக்ஷிகளையும் பிராசிக்யூஷன் சாக்ஷிகளுக்குச் சமமாகவே பாவிக்கவேண்டும் என்று 1981இல் தூத்நாத் பாண்டே வழக்கில் சொல்லியிருக்கிறது.

கொலை நடந்த நேரமே பல வழக்குகளில் நிச்சயமில்லாதது. பிரேதத்தின் விறைப்பையும் வயிற்றிலுள்ள உணவையும் கொண்டு டாக்டர் சொல்வது உத்தேசமான கால எல்லையே. நம் பக்கத்து வேனிலில் விறைப்பு சீக்கிரம் தோன்றிச் சீக்கிரம் மறைகிறது. அந்த விரிந்த எல்லைக்குள், கைதி எங்கிருந்தான் என்று சொல்ல முடியாத அரைமணி நேரத்தைத் தேடிப்பிடித்து, கொலை அப்போதுதான் நடந்ததென்று சாதிப்பார்களானால், அது பிரேதத்தைப் பார்த்து நேரம் சொல்வதாகாது. கைதியைப் பார்த்து நேரம் சொல்வதாகும்.

இன்னொரு சூழ்ச்சியையும் கவனிக்கவேண்டும். கைதி அவ்விடத்தில் இல்லை என்பது தெளிவானால், "அவன் சதியில் சேர்ந்தவன்" என்பார்கள். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டு இறந்தார். பிறகு 14 பேர் மீது வழக்கு நடந்தது. முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரி அன்று மணியாச்சியில் இல்லை. ஆயினும் சதிக் குற்றத்துக்காக அவருக்கு ஏழு வருஷக் கடுங்காவல் கிடைத்தது.

1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் லக்ஷ்மிகாந்தன் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கத்தி பிடித்ததாக எவரும் சொல்லவில்லை. அவர்களைக் குற்றத்தோடு பிணைத்த முக்கியக் கயிறு அப்ரூவரின் வாக்குமூலம். 1945 மே மாதத்தில் ஆயுள் தண்டனை விழுந்தது. பிரிவி கவுன்சில் வரை சென்று, அப்பீல் மறுபடி ஹைக்கோர்ட்டில் விசாரிக்கப்பட்டு, 1947 ஏப்ரலில்தான் இருவரும் வெளிவந்தார்கள். சிறையில் கழிந்த வருஷங்களை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தரவில்லை. சதி என்று சொன்னாலும் கடிகாரத்துக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்: எந்த நாளில், எந்த வீட்டில், யார் முன்னிலையில் சதி நடந்தது? அப்ரூவரைத் தவிர அதற்கு வேறு சாக்ஷி யார்?

பாகவதருக்குப் பணமிருந்தது, பெரிய வக்கீல்கள் இருந்தார்கள். சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? லைசென்ஸ் உள்ள ஆலையில் வேலை செய்பவனுக்கு வருகைப் பதிவேடு உண்டு, போர்மன் உண்டு, கூட வண்டியில் வந்தவர்கள் உண்டு. ஆனால் சட்டத்துக்கு விரோதமாக உள்குத்தகைக்கு விட்ட கொட்டகையில், எண்ணிக்கைக் கூலிக்குத் திரி செருகுபவன் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? அவன் அன்று முழுவதும் அங்கேதான் இருந்தான் என்று வைத்துக்கொள்வோம். குத்தகைக்காரன் கோர்ட்டில் வந்து சொல்வானா? சொன்னால் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகும். ஆகவே அவன் வாய் திறக்கமாட்டான். மருந்து வாடை கையிலிருந்து போகாதவனுக்கு, தான் அங்கிருந்ததை ருஜுப்படுத்த ஒரு துண்டுக் காகிதமும் இராது. பணக்காரனுடைய நேரத்துக்கு ரசீது உண்டு. ஏழையின் நேரத்துக்கு அவன் வாய்ச்சொல் ஒன்றுதான் சாக்ஷி.

ஆதலால் நாம் கேட்பது அதிகமில்லை. கைதி தான் இருந்த இடத்தைச் சொன்ன அன்றே அதை எழுதிக்கொண்டு, அன்றே போய் விசாரிக்கவேண்டும். சுங்கச்சாவடியிலும் கடைவாசலிலும் உள்ள காமிராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்துபோகின்றன. வருஷக்கணக்கில் கழித்து விசாரணை வரும்போது அவற்றைத் தேடிப் பயனில்லை. அவை கைதிக்குச் சாதகமாயிருந்தாலும் கோர்ட்டில் வைக்கவேண்டும். ஆலைகளில் உண்மையான வருகைப் பதிவேடு இருக்கும்படி அதிகாரிகள் பார்க்கவேண்டும். விபத்து நாளில் உள்ளே இருந்தவர் யார் என்று அறியவும் அதுவே வழி. இலவச சட்ட உதவிக்கு வரும் வக்கீல்கள் முதல் நாளே கைதியிடம் கேட்கவேண்டிய கேள்வி, "அப்போது எங்கே இருந்தாய், கூட யார் இருந்தார்கள்?" என்பதே.

கொலையுண்டவனுடைய குடும்பத்துக்கு நியாயம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தவறான மனிதனைச் சிறையில் அடைத்தால் அக்குடும்பத்துக்கும் நியாயம் கிடைப்பதில்லை. உண்மைக் கொலைகாரன் வெளியே உலாவுகிறான். காமராஜரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பார்த்த ஜில்லாவில், கடிகாரத்தைக் கேளாமல் ஒருவனையும் கூண்டில் நிறுத்தலாகாது.