சறுக்கி விட்ட தேக்கு... தப்பி நிற்கும் சோலை!

கரிசல் பூமியில் ஒருவர், ''காட்டுக்குப் போயிட்டு வர்றேன்'' என்று கிளம்பினால் புலி வேட்டைக்கு என்று நினைத்துவிடாதீர்கள். உளுந்துக்குக் களையெடுக்கப் போகிறார்! நமக்குக் காடு என்றால் விளைநிலம். ஒதுங்கி நிற்க சீமைக்கருவேலம். அவ்வளவுதான்.

ஆனால், கோவில்பட்டியில் அடுப்பு எரிவதே மரத்தால்தானே அண்ணாச்சி! தீக்குச்சிக்கான மரம் கேரளாவிலிருந்து லாரி லாரியாக வந்து இறங்குகிறது. மரத்தை நம்பிப் பிழைக்கும் நாம் ஒரு தடவையாவது டாப்ஸ்லிப்பைப் பார்த்துவிட வேண்டும்.

திருச்செந்தூர் - பாலக்காடு ரயிலில் ஏறினால் நேரே பொள்ளாச்சி. அங்கிருந்து சேத்துமடை வழியாக சுமார் 37 கிலோ மீட்டர்.

அதென்ன பெயர், இங்கிலீஷ் படம் மாதிரி? எல்லாம் வெள்ளைக்காரன் உபயம். பம்பாயில் கப்பல் கட்டத் தேக்கு வேண்டும் என்று 1848-ல் லெப்டினென்ட் மைக்கேல் என்பவரை ஆனைமலைக்கு அனுப்பினார்கள். வெட்டிய மரங்களை மலை விளிம்புக்குக் கொண்டுவந்து, சரிவில் சறுக்கி விடுவார்கள். கீழே போய் விழும். மேலிருந்து சறுக்கி விட்ட இடம்... டாப்ஸ்லிப்! பிறகு ரயில் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் போடவும் கட்டை கேட்டது. அடகுக் கடைக்குப் போன நகை மாதிரி, போன மரம் போனதுதான்.

1916 வாக்கில் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி வந்து சேர்ந்தார். 'வெட்டுவதானால் தரையை ஒட்டி வெட்டு, அடிக்கட்டை திரும்பத் துளிர்க்கட்டும்' என்று முறையை மாற்றினார். பாக்கெட் நிறைய தேக்கு விதையோடு நடப்பாராம். கைத்தடியால் குத்திக் குத்தி விதைப்பாராம். 1933-ல் குன்னூரில் இறந்தவரை, அவர் ஆசைப்படியே இந்தத் தேக்குகளுக்கு நடுவில் புதைத்தார்கள். 'என் நினைவுச் சின்னம் எங்கே என்கிறாயா? சுற்றிலும் பார்' என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகம் கல்லறையில் இருக்கிறது.

பார்த்தால், பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி தேக்கு வரிசை! அழகுதான். ஆனால், கோடையில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும்.

பக்கத்திலேயே கரியன் சோலை. உள்ளே நுழைந்தால் பட்டப்பகலில் பொழுது சாய்ந்த மாதிரி இருட்டு. பெரிய மரத்தின் கீழ் சின்ன மரம், அதன்கீழ் செடி, கொடி, பாசி, மழைக்காலத்தில் அட்டை! வருஷம் பூராவும் பச்சை. வுட் துரை தேக்கைத் திருப்பிக் கொடுத்தார், சரி. இந்தச் சோலையை எந்த துரையாலும் நட்டு வளர்க்க முடியாது சாமி! வெட்டாமல் விட்டால்தான் உண்டு.

இன்னும் தள்ளி, கேரளாவின் பரம்பிக்குளத்தில் கன்னிமாரா தேக்கு. வயது 450 இருக்கும் என்கிறார்கள். நாலைந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். கோடாலி பட்டதும் ரத்தம் வந்ததாம், பயந்து விட்டுவிட்டார்களாம். கதையோ நிஜமோ, மரம் பிழைத்தது!

இது 2007 முதல் புலிகள் காப்பகம். சோலைக்குள் நடக்க வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும். கோடையில் தீ பயத்தால் மூடிவிடுவதும் உண்டு, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பையில் கடலைமிட்டாய் இருக்கட்டும், உங்களுக்கு மட்டும், குரங்குக்கு நீட்டாதீர்கள். ஒரே ஒரு சாமானை மட்டும் ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நம்ம ஊர்ப் பெருமைதான், என்ன செய்ய...

தீப்பெட்டி!