மேலெழு கதவு

வீட்டிற்குக் காவலாவது கதவு. அக்கதவிற்குக் காவலாய் இருக்கவேண்டியவர் வீட்டார். கதவு தடையின்றித் திறந்து மூடும்வரையில் அதனைப்பற்றி எவரும் எண்ணுவதில்லை. ஒருநாள் அது திறவாது நின்றாலோ, மூடும்பொழுது எவர்மீதேனும் வீழ்ந்தாலோதான் அதன் நினைவு எழுகின்றது. கதவு பெரியதாகவும் எடை மிக்கதாகவும் இருப்பின், அந்நினைவு காலங்கடந்து எழுதல் பெருந்தீங்காய் முடியும். அமெரிக்க நாட்டு இல்லங்களில் மோட்டார்க் கொட்டகையின் வாயிலில் அமைந்துள்ள மேலெழு கதவு இவ்வுண்மையை நன்கு விளக்குவதாகும்.

அந்நாட்டுத் தனிவீடுகள் பலவற்றில் மோட்டார்க் கொட்டகை வீட்டை ஒட்டியே கட்டப்பட்டிருக்கும். தலைவாயில் ஒன்று இருப்பினும், வீட்டார் பலர் நாள்தோறும் கொட்டகையின் வழியாகவே வெளிச்சென்று மீளுவர். முன்னாளில் இக்கொட்டகைகளுக்கு வெளிப்புறம் திறக்கும் இரட்டைக் கதவுகள் இருந்தன. வாயிலின்முன் உறைபனி குவிந்துவிட்டால் அவற்றைத் திறத்தல் அரிது. 1921ஆம் ஆண்டில் சி. ஜி. ஜான்சன் என்பவர், வெளியே விரியாமல் மேல்நோக்கி எழுந்து கூரையடியில் படியும் கதவினை அமைத்தார். 1926ஆம் ஆண்டில் அதனை மின்விசையால் இயக்கும் பொறியையும் அவர் உருவாக்கினார். இன்று அவ்வகைக் கதவு அந்நாடெங்கும் பரவியுள்ளது.

இக்கதவு ஒரே பலகையால் ஆனதன்று. குறுக்காக அடுக்கிய நான்கைந்து பலகைகள் கீல்களால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கும். பலகைகளின் இரு விளிம்புகளிலும் சிறிய உருளைகள் உண்டு. வாயிலின் இருபுறமும் செங்குத்தாக எழுந்து, மேலே வளைந்து, கூரையின் அடியில் கிடையாகச் செல்லும் எஃகுத் தடங்களில் அவ்வுருளைகள் ஓடும். இரண்டு வண்டிகள் நிற்கத்தக்க கொட்டகையின் கதவு பொதுவாக 16 அடி அகலமும் 7 அடி உயரமும் உடையது. அதன் எடை பெரும்பாலும் ஓர் ஆளின் எடையைவிட மிகுதி. மரக்கதவாயின் இன்னும் மிகும். ஆயினும், செவ்வனே அமைந்த கதவை ஒரு சிறுவனும் ஒரு கையால் உயர்த்திவிடலாம். இது வியப்பன்றோ?

இவ்வியப்பிற்குக் காரணம் எடைக்கு எதிராக நிற்கும் ஓர் ஈடு. கிணற்றில் ஏற்றம் இறைப்பதைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். நீர் நிறைந்த சாலின் பாரத்தை, ஏற்ற மரத்தின்மேல் நடப்பவரின் எடை ஈடுசெய்கின்றது. மேலெழு கதவில் அவ்வேலையைச் செய்வது சுருள்வில். வாயிலுக்கு மேலே ஓர் அச்சுத்தண்டு குறுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும். அதனைச் சுற்றி முறுக்கேறிய எஃகுச் சுருள்வில் இருக்கும். தண்டின் இரு முனைகளிலும் உள்ள சக்கரங்களிலிருந்து எஃகு வடங்கள் இறங்கிக் கதவின் அடிமூலைகளைப் பற்றியிருக்கும். 7 அடி உயரமுள்ள கதவு மூடிய நிலையில், அவ்வில் ஏறத்தாழ ஏழரைச் சுற்று முறுக்குண்டு நிற்கும். கதவு எழும்போது முறுக்கு அவிழ்ந்து கதவைத் தூக்கும். இறங்கும்போது மீண்டும் முறுக்கேறும். கதவைத் தூக்குவது மின்பொறியே எனப் பலர் கருதுவர். உண்மையில் பாரத்தைச் சுமப்பது வில். மின்பொறி அதனை நடத்திச் செல்லும் துணையே ஆகும்.

சுமப்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாமையால், அது தளர்வதும் எளிதில் புலப்படுவதில்லை. பொதுவாக வழங்கும் சுருள்வில் ஏறத்தாழ 10,000 முறை திறந்து மூடுவதற்கெனச் செய்யப்படுகின்றது. நாளொன்றுக்கு நான்கு முறை கதவைத் திறந்து மூடும் இல்லத்தில் அவ்வெண் ஏழாண்டிற்குள் நிறைவுறும். பின்னர் ஒருநாள் வெடியோசை போன்ற ஒலியுடன் வில் முறியும். அந்நொடி முதல் கதவின் முழு எடையும் மின்பொறியின் மீதோ, தூக்க முயல்பவரின் கைம்மீதோ வந்து விழும். ஆகவே, வில் முறியுமுன் அதன் தளர்ச்சியை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

அறியும் வழி எளியது. முதலில் கதவை முழுவதும் மூடிவிட வேண்டும். மின்பொறியிலிருந்து தொங்கும் செந்நிறக் கயிற்றை இழுத்தால், பொறிக்கும் கதவிற்கும் உள்ள பிணைப்பு விடுபடும். பின்னர் பெரியவர் ஒருவர் கதவைக் கையால் மெல்ல உயர்த்தி, பாதி உயரத்தில் பிடியைத் தளர்த்திப் பார்த்தல் வேண்டும். கதவு அங்கேயே அசையாது நின்றால் எடையும் வில்லின் விசையும் ஒத்துள்ளன என்பது பொருள். கீழே இறங்குமாயின் வில் தளர்ந்துள்ளது. தானே மேலேறுமாயின் முறுக்கு மிகுந்துள்ளது. கதவு திறந்திருக்கும்பொழுது அக்கயிற்றை இழுத்தல் கூடாது. வில் முன்னரே பழுதுற்றிருப்பின் கதவு விரைந்து வீழ்ந்துவிடும்.

திங்கள்தோறும் கண்ணாலும் செவியாலும் கதவை ஆராய்தல் நன்று. எஃகு வடத்தில் இழை பிரிந்துள்ளதா, கீல்களின் திருகாணிகள் அதிர்ச்சியால் தளர்ந்துள்ளனவா, உருளைகள் தேய்ந்துள்ளனவா, கதவின் அடியிலுள்ள இரப்பர்ப் பட்டை வெடித்துள்ளதா என்று பார்த்தல் வேண்டும். குளிர்நாடுகளில் சாலைப் பனியை உருக்க உப்பைத் தூவுவர். வண்டியோடு உட்புகும் உப்புநீர் வடத்தின் கீழ்முனையை அரித்துவிடும். ஆதலின் அவ்விடத்தைக் கூர்ந்து நோக்குதல் இன்றியமையாதது. முன்னில்லாத கிறீச்சிடும் ஒலியோ, உராயும் ஒலியோ எழுந்தால் அதனைப் பொருட்படுத்தாது விடுதலும் தவறு.

ஆண்டிற்கு இருமுறை கீல்களுக்கும், உருளைகளின் அச்சுகளுக்கும், சுருள்வில்லுக்கும் மெல்லிய மசகெண்ணெய் இடுதல் வேண்டும். தடங்களுக்கோ எண்ணெய் இடலாகாது; அவற்றைத் துணியால் துடைத்துத் தூய்மை செய்தலே போதும். தடத்தில் எண்ணெய் பூசினால் தூசி படிந்து, உருளைகள் ஓடுவதற்குத் தடையாகும். நன்மை கருதிச் செய்யும் செயலும் இடமறியாது செய்யின் கேடாகும் என்பதற்கு இது சான்று.

செய்யவேண்டுவனவற்றை அறிதல்போலவே, செய்யத்தகாதனவற்றை அறிதலும் பேணுதலின் பகுதியே. சுருள்வில், எஃகு வடம், வடத்தின் கீழ்முனையைப் பற்றியிருக்கும் இரும்புப் பிடி ஆகிய மூன்றையும் வீட்டார் கழற்றவோ முறுக்கவோ முற்படலாகாது. பெருவிசை அவற்றுள் அடங்கிக் கிடக்கின்றது. ஒரு திருகாணியைத் தளர்த்திய அளவிலேயே அவ்விசை வெளிப்பட்டுக் கையை முறிக்கலாம், உயிரையும் பறிக்கலாம். அப்பணி அதற்கெனப் பயின்ற தொழிலாளர்க்கே உரியது.

மின்பொறி பொருத்திய கதவால் சிறுவர்க்கு நேரும் இடர் தனியே எண்ணத்தக்கது. இறங்கும் கதவின் அடியில் புகுந்தோடுவதை விளையாட்டாகக் கருதி, அதன்கீழ் அகப்பட்டு உயிரிழந்த குழந்தைகள் பலர். இக்கொடுமையைத் தடுக்க அமெரிக்க அரசு 1990ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. அதன்படி வகுத்த விதிகளால், 1993 சனவரி முதல் நாளிலிருந்து செய்யப்படும் வீட்டுக் கதவுப் பொறிகளுக்குப் புதியதொரு காப்பு அமைப்பு கட்டாயமாயிற்று. வாயிலின் இருபுறமும் தரையிலிருந்து 6 அங்குலத்திற்கு மேற்படாத உயரத்தில் ஒளிக்கண்களைப் பொருத்துதல் அவ்வமைப்புகளுள் பெருவழக்காயிற்று. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் கட்புலனாகா ஒளிக்கதிரைக் குழந்தையின் கால் மறைத்தாலும், இறங்கும் கதவு மீண்டும் மேலெழும்.

எனினும், காப்பு அமைத்ததோடு கடமை முடிந்துவிடுவதில்லை. ஒளிக்கண்ணில் தூசியோ சிலந்திக்கூடோ படியலாம். பொறியின் அளவீடு பிறழலாம். ஆகவே, திங்கள்தோறும் இரண்டு சோதனைகள் செய்யவேண்டும். கதவு இறங்கும்போது ஒரு நீண்ட கழியால் ஒளியை மறித்தால், கதவு திரும்பி எழவேண்டும். அடுத்து, ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள மரக்கட்டையைக் கதவின் கீழே தரையில் படுக்கையாக வைத்துக் கதவை இறக்கினால், கட்டையைத் தொட்டவுடன் அது திரும்ப வேண்டும். திரும்பாவிடின், பழுது நீங்கும்வரை பொறியைப் பயன்படுத்தலாகாது. கதவின் விசைப்பொத்தானைச் சிறுவர்க்கு எட்டாதவாறு 5 அடி உயரத்திற்குக் குறையாமல் அமைத்தலும் முறையாகும்.

செந்நிறக் கயிற்றின் பயனை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும். 2017 அக்டோபரில் கலிபோர்னியா மாநிலத்தின் வடபகுதியில் பெருந்தீ பரவியபோது பல ஊர்களில் மின்சாரம் நின்றது. கொட்டகைக் கதவைத் திறக்க இயலாது சிலர் உயிர் நீத்தனர். அதன் விளைவாக, 2019 சூலை முதல் நாளிலிருந்து அம்மாநிலத்தில் விற்கப்படும் புதிய கதவுப் பொறிகளுக்கு மின்கலத் துணை கட்டாயமாக்கப்பட்டது. ஆனால், வில் தளர்ந்த கதவாயின், கயிற்றை இழுத்தபின்னும் முதியோரால் அதனைத் தூக்க இயலாது. எடையும் விசையும் ஒத்துள்ளனவா என்று அமைதியான நாளில் பார்த்துவைத்தவர்க்கே இடர் வந்த நாளில் கதவு எளிதில் திறக்கும்.

தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் காலையில் மேலேற்றி இரவில் இறக்கும் இரும்பு ஷட்டர்களிலும் இவ்வறிவு பயன்படும். கையால் தூக்கும் ஷட்டரின் மேலுருளையினுள்ளும் சுருள்வில்லே இருந்து எடையைச் சுமக்கின்றது. நேற்று எளிதில் ஏறிய ஷட்டர் இன்று கனக்குமாயின், தூக்குபவரின் கை வலிமை குன்றியது எனக் கருதிவிடலாகாது. உள்ளிருக்கும் வில் தளர்ந்ததோ என ஆராய்தல் வேண்டும். திங்களில் ஒருமுறை செலவிடும் சிறுபொழுது, கதவையும் அதன் அடியில் நடமாடும் உயிர்களையும் ஒருங்கே காக்கும்.