பெரட்டுக்களத்திலிருந்து படைமுகாமுக்கு

மலாயாவின் சிலாங்கூர் மாநிலத்தில், ராசாவிலும் அதற்கு மேற்கே கோல சிலாங்கூர் வரையிலும் பரந்திருந்த ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் வழக்கத்துக்குப் 'பெரட்டு' என்று பெயர். படைவீரர் அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேடு' என்ற ஆங்கிலச் சொல்லே தமிழர் நாவில் இவ்வாறு திரிந்தது. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத்து இளைஞன், படைமுகாமைக் காண்பதற்கு முன்பே நாள்தோறும் இப்படி வரிசையில் நின்று பழகியவன்.

ஆனால் அந்த வரிசையில் அவன் தலைகுனிந்தே நின்றான். உளியால் பட்டையைச் சீவி, பால் சேரும் கிண்ணமான 'மங்கு' பொருத்தி, நிரை நிரையாக நடந்து, காண்டா வாளியைத் தோளில் சுமந்து திரும்பும் அவன்மீது மேற்பார்வையாளரான தண்டலுக்கும் எழுத்தரான கிராணிக்கும் இருந்த அதிகாரம் வேலையோடு முடியவில்லை. வெள்ளைக்கார நிர்வாகியான துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற கட்டாயத்தை நீக்குவது, 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. அந்தக் கிளர்ச்சி துப்பாக்கியால் அடக்கப்பட்டது; தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபின் ரப்பர் ஏற்றுமதி நின்று, கூலியும் அரிசியும் அருகி, மரவள்ளிக்கிழங்கே உணவானது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதைக்குத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸின் அழைப்பை ஏற்று இந்திய தேசிய இராணுவத்தில் இணைந்தவர்களுள் நாட்டுப்பற்றால் சேர்ந்தவரும் இருந்தனர், அந்த ரயில் பாதைக்கு அஞ்சிச் சேர்ந்தவரும் இருந்தனர். இரண்டாமவரின் தியாகத்தைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று. முகாமில் கட்டளைகள் இந்துஸ்தானியில் ஒலித்தன. மொழி புரியாத தொடக்க நாட்களிலும் இங்கே நிமிர்ந்து நிற்பதே விதி என்பது புரிந்தது. அதன் மகளிர் பிரிவான ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் அவ்வாறே நின்றனர்.

இம்பால் போர் 1944இல் தோல்வியில் முடிந்தது. மறு ஆண்டு பர்மாவும் கைவிட்டுப் போனது. போருக்குப்பின் டில்லிச் செங்கோட்டை வழக்கில் நிறுத்தப்பட்ட இந்திய தேசிய இராணுவ அதிகாரிகள், பிரிட்டிஷ் மன்னருக்குப் படைச்சத்தியம் அளித்திருந்தும் அவருக்கு எதிராகப் போரிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள். அத்தகைய சத்தியம் எதையும் செய்திராத தோட்டத்துத் தொண்டர்களில் பெரும்பாலோர் விசாரணைக்குப்பின் விடுவிக்கப்பட்டனர். பதக்கமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அதே லயக் குடியிருப்பு, அதே உளி, அதே பெரட்டுக்களம்.

எனினும் திரும்பி வந்தவன் பழைய ஆளாக இல்லை. கெடாவில் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்த தொண்டர் படையின் இளைஞர்கள் படைமுறையில் அணிவகுத்துப் பயின்றனர். இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சியாளராக இருந்த எஸ்.ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலச் சட்டத்தின்கீழ் ஆயுதம் வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அவர், இந்திய அரசு கருணை கோரியும் 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் கைதான இடம் ரவாங். ராசாவுக்குத் தெற்கே உள்ள ஊர்.

(தொடரும்)