மலையுச்சியும் செயற்கைக்கோளும்

பெருந் தூரதரிசனியை நிறுவக் கருதுவோர் முதற்கண் ஆராய வேண்டுவது, குறித்த மலையில் ஓராண்டில் எத்தனை இரவுகள் தெளிவாயிருக்கும் என்பதே. அஸ்திவாரமிட்ட பின்னர்ப் பிழையுணர்ந்து வருந்துவதாற் பயனில்லை. முன்னாளில் இதன்பொருட்டு மலையேறிப் பல மாதங்கள் காத்திருந்தனர். இக்காலத்திலோ செயற்கைக்கோள்கள் பல்லாண்டுகளாகத் திரட்டிய குறிப்புக்களை இருந்த இடத்திலிருந்தே புரட்டிப் பார்க்கலாம். ஆயினும் அவற்றை அப்படியே நம்பலாமோ?

அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஸ்பெயின் தேசத்துக்குரிய லா பால்மா என்னுந் தீவை நோக்குவோம். அதன் சிகரத்தருகே, ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில், வான ஆராய்ச்சி நிலையம் ஒன்றுளது. 10.4 மீட்டர் அகலமுள்ள கண்ணாடியையுடைய தூரதரிசனி அங்கே 2009-ம் ஆண்டில் திறந்துவைக்கப்பெற்றது. வடகிழக்குக் காற்றுக் கொணரும் மேகங்களை, மேலே கவிந்துள்ள வெப்பமான காற்றடுக்கு மூடிபோல அமுக்குதலின், அவை பெரும்பாலும் 1,500 மீட்டருக்குக் கீழேயே தங்கிவிடும். சிகரத்தில் நிற்பவர்க்கு அவை காலடியிற் பரந்த வெண்கடல்; தலைக்குமேல் வானம் நிர்மலம். சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து காணுஞ் செயற்கைக்கோளுக்கோ எல்லாம் மேகமே!

இச்சிக்கலைத் தீர்ப்பது உஷ்ணம். ஏறத்தாழ 11 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை அளந்தால், மேகத்தின் மேற்புறத்து உஷ்ணநிலை புலப்படும். உயரத்திற் செல்லும் பனிமேகம் பூஜ்யத்திற்கு 40 பாகை கீழும் குளிர்ந்திருக்கும். தாழ்ந்த மேகம் அவ்வாறு குளிர்வதில்லை. அதனால் மலைக்கு மேலது எது, கீழது எது எனப் பிரித்தறியலாம்.

தூசியின் விஷயம் இன்னுங் கடினம். சஹாராப் பாலைவனத்துத் தூசி இத்தீவின்மேல் அடிக்கடி வந்து படியும். 1999-ல் ஏவப்பெற்ற டெர்ராவிலும் 2002-ல் ஏவப்பெற்ற ஆக்வாவிலும் அமைந்த மோடிஸ் என்னுங் கருவி தந்த தூசிக்கணக்கு, பக்கம் 10 கிலோமீட்டர் கொண்ட சதுரங்களாக அமைந்தது. அத்தகைய ஒரு சதுரத்துள் சிகரமும் சரிவும் கடலும் ஒன்றாய் அடங்கிவிடும். தரையிலிருந்து மேல்வரையுள்ள தூசி முழுவதும் ஒரே எண்ணாகிவிடும். குளிர்காலத்தில் தூசி சிகரத்திற்குக் கீழே தவழ்வது மிகுதி. கோடையில் அது மேலெழுந்து நக்ஷத்திரவொளியை மறைக்கும். எண் ஒன்றே; பொருளோ வேறு. 1984 முதல் அம்மலையில் இயங்கிய கார்ல்ஸ்பெர்க் தூரதரிசனி இரவுதோறும் ஒளி எவ்வளவு மங்கிற்றெனக் குறித்து வந்தமையால், வானினின்று வந்த கணக்கை ஒத்துப்பார்க்க இயன்றது.

மேகமுந் தூசியும் இல்லாவிடினும், காற்றின் கொந்தளிப்பால் நக்ஷத்திரத்தின் பிம்பம் நடுங்கலாம். இந்நடுக்கத்தைச் செயற்கைக்கோள் நேரே அளந்து தருவதில்லை. ஒரே நக்ஷத்திரத்தை இரு துவாரங்கள் வழியே நோக்கி, இரு பிம்பங்களின் அசைவை ஒப்பிட்டளக்குங் கருவியை இன்றும் மலைமேற் கொண்டுபோய் வைத்தே அதனை அறிகின்றனர்.