ஓர் உயிரணுவின் வருகைப் பதிவேடு

எங்களுள் ஒருத்திக்கு எட்டு வயதில் ஒரு தம்பி இருக்கிறான். பாட்டுக் கேட்டால் எழுந்து ஆடுவான்; பள்ளி விட்டு வரும் அக்காளின் பையைத் தானே வாங்கி வைப்பான். எழுத்துகள் மட்டும் மெல்ல மெல்லவே அவன் வசப்படுகின்றன. “கிரகணத்தன்று வெளியே போயிருப்பாய்” என்று உறவினர் சிலர் அவன் தாயைக் குறை கூறியதுண்டு. மருத்துவரோ, “இது டவுன் சிண்ட்ரோம். இவனுக்கு ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது” என்றார். அது எப்படிக் கூடியது? இவ்வினாவுக்கு விடை தேடிய நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

வெங்காய வேரின் நுனியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்த நாள் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. சில செல்களில் கருமையான நூல் துண்டுகள் நடுவே கூடி நின்றன; வேறு சிலவற்றில் அவை இரு பக்கமும் பிரிந்து கிடந்தன. அவையே குரோமோசோம்கள். வெங்காயத்திற்கு 16, மனிதனுக்கு 46. இக்காட்சியை முதன்முதலில் விரிவாக வரைந்து காட்டியவர்களுள் ஒருவர் வால்தர் ஃபிளெமிங் என்ற ஜெர்மானிய அறிஞர். அவருடைய நூல் 1882-இல் வெளிவந்தது.

செல் பிரியுமுன் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதிகளாகிறது. கொஹெசின் என்னும் புரோட்டீன் வளையங்கள் அவ்விரண்டையும் பிணைத்து வைக்கின்றன. பின்பு செல்லின் இரு முனைகளிலிருந்தும் நுண்குழல்கள் வளர்கின்றன. நூல் நூற்கும் கதிரைப் போல நடு பருத்து முனைகள் குறுகியிருப்பதால், இவ்வமைப்புக்குக் கதிர்கோல் என்று பெயர். ஒவ்வொரு பிரதியிலும் கைனிட்டோகோர் என்ற பிடிப்பிடம் ஒன்று உண்டு. நுண்குழல்கள் துழாவித் துழாவி அதைப் பற்றுகின்றன. ஒரு பிரதி ஒரு முனையோடும் மற்றது எதிர்முனையோடும் சேர வேண்டும். இரண்டும் ஒரே முனையோடு சேர்ந்துவிட்டால் இடையில் இழுவிசை இராது. அரோரா-பி என்னும் நொதி அத்தகைய தவறான பிடிப்பைத் தளர்த்தி, மீண்டும் முயல வாய்ப்பளிக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டதைச் செல் எவ்வாறு அறிகிறது? சுற்றுலா செல்லும் நாளை எண்ணிப் பாருங்கள். ஆசிரியை தலைகளை எண்ணி முடிக்கும்வரை பேருந்து நகராது. ஒருத்தி குறைந்தாலும் அனைவரும் காத்திருப்போம். செல்லிலும் அப்படியே. ஆனால் இங்கே ஒரு விந்தை! வராதவளே ‘நில்லுங்கள்!’ என்று குரல் கொடுக்கிறாள். இழை பற்றாத கைனிட்டோகோர்தான் தடைச் செய்தியை அனுப்புகிறது. ஒன்றே ஒன்று பற்றாமல் இருந்தாலும் செல் முழுவதும் நிற்கிறது. கடைசி ஒன்றும் பற்றியபின் செய்தி ஓய்கிறது. உடனே செபரேஸ் என்னும் கத்தரிக்கோல் போன்ற நொதி விடுபட்டு, கொஹெசின் வளையங்களை வெட்டுகிறது. பிரதிகள் இரு திசையும் செல்கின்றன.

இது வெறும் ஊகம் அன்று. 1991-இல் ஈஸ்ட்டில் இத்தடைக்குரிய மரபணுக்கள் கண்டறியப்பட்டன. 1995-இல் லீ, நிக்ளஸ் என்ற இருவர் கும்பிடுபூச்சியின் செல்களை ஆராய்ந்தனர். இணை சேராத ஒரு குரோமோசோமால் பல மணி நேரம் நின்றிருந்த செல்லில், மிக நுண்ணிய ஊசியால் அக்குரோமோசோமை மெல்ல இழுத்தார்கள். எதிர்ப்பக்க இழுவிசை கிடைத்துவிட்டதாகக் கருதிய செல், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பிரியத் தொடங்கியது!

நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணிக்கும் இதில் பங்குண்டு. அச்செடியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து கதிர்கோலை அமைய விடுவதில்லை. தடைச் செய்தி ஓயாததால் புற்றுச் செல் பிரிய முடியாமல் நின்று, பெரும்பாலும் மடிகிறது. இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இம்மருந்தைக் கொடுக்கிறார்கள்.

இனி அந்தத் தம்பியிடம் வருவோம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 47 குரோமோசோம்கள் இருப்பது 1959-இல் பாரிஸிலிருந்து வெளியான ஆய்வில் தெரிய வந்தது. அந்த ஆய்வுக்கெனச் செல்களை வளர்க்கும் கூடத்தை அமைத்தவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். கூடுதலாக இருப்பது 21-ஆம் குரோமோசோம். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதும், சில வேளை விந்தணு உருவாகும்போதும் இப்பிழை நேர்கிறது. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளது கருமுட்டைச் செல்கள் பிரியத் தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகின்றன. பல ஆண்டுகளுக்குப் பின்னரே தொடர்கின்றன. அத்தனை காலம் காத்திருக்கும் கொஹெசின் வளையங்கள் தளர்கின்றன. கருமுட்டையில் தலை எண்ணும் கண்டிப்பும் சற்றுக் குறைவு. ஆகவே தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடுகிறது. எனினும் இளந்தாயருக்கும் இது நேர்வதுண்டு.

இதில் கிரகணத்திற்கு இடமில்லை. தாய் உண்ட உணவுக்கோ செய்த வேலைக்கோ இடமில்லை. நுண்ணோக்கிக்கும் எட்டாத ஒரு வளையம் தளர்ந்ததற்கு ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமா?

இவற்றையெல்லாம் எங்கள் தோழி தன் அன்னையிடம் படித்துக் காட்டினாளாம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, “இதைப் பாட்டிக்கும் ஒருமுறை படித்துக் காட்டு” என்றாராம். வாசகர்களே, உங்கள் வீட்டிலும் தெருவிலும் இத்தகைய பழிச்சொல் எழுந்தால், நீங்களும் இதைப் படித்துக் காட்டுங்கள்.