உங்களுக்குத் தெரியுமா? ரமணர் செதுக்கிய தடி

● பலன் கருதாத செயல் எது என்று கேட்ட தெலுங்குப் பண்டிதருக்கு ரமண மகரிஷி வாயால் பதில் சொல்லவில்லை. அருணாசல மலையில் கிடந்த முள்கிளையை எடுத்தார். முள்ளைச் சீவி, கணுக்களைச் செதுக்கி, சொரசொரப்பான இலையால் பல மணி நேரம் தேய்த்து மெருகேற்றினார். தடியைத் தொலைத்துவிட்டு அவ்வழியே வந்த ஆடு மேய்க்கும் சிறுவனிடம் அதைக் கொடுத்துவிட்டார். பின்னாளில் மூட்டுவலி வந்தபோது அவரும் தடி ஊன்றித்தான் நடந்தார்.

● தாத்தாவுக்குத் தடி வாங்கினால் போதுமா? அளவும் பார்க்க வேண்டும். வழக்கமான செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில்! பலர் வலிக்கிற பக்கமே ஊன்றுகிறார்கள். அடி ரப்பர் தேய்ந்துவிட்டால் உடனே மாற்றுங்கள். ஈரக் கருங்கல் தளம் மன்னிக்காது.

● பார்வையற்றோரின் தடி வெள்ளையானது 1921-இல். விபத்தில் பார்வை இழந்த பிரிஸ்டல் நகரத்து ஜேம்ஸ் பிக்ஸ், வண்டிகளின் கண்ணில் பட வேண்டுமென்று தன் தடிக்கு வெள்ளை அடித்தார்.

● அருணாசல மலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை 14 கி.மீ. சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அது எட்டும். சென்னை ஐஐடியில் உருவாகி 2021-இல் அறிமுகமான 'நியோபோல்ட்', சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டும் மின்மோட்டார் வண்டி. ஒருமுறை சார்ஜ் செய்தால் 25 கி.மீ. வரை ஓடும். வேகமும் மணிக்கு 25 கி.மீ. வரை. பௌர்ணமிக் கூட்டத்தில் அந்த வேகத்துக்கு வேலையே இல்லை என்பது வேறு விஷயம்.

● அதே கூட்டத்தில் உதவ நினைப்பவர்களுக்கு: பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். அரை எட்டு முன்னால் நடங்கள். படி வந்தால் ஏறுவதா இறங்குவதா என்று சொல்லுங்கள். சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளவே கூடாது.

● தமிழ் 'க', இந்தி 'க', ஆங்கில 'கே' மூன்றுக்கும் பிரெய்லியில் ஒரே புள்ளிகள்: 1, 3. இந்திய மொழிகளுக்கான இந்தப் பொது முறை, பாரதி பிரெய்லி, 1951-இல் ஏற்கப்பட்டது. வடக்கேயிருந்து ரமணாசிரமம் வரும் பார்வையற்ற அன்பர் தமிழ்ப் பிரெய்லித் தாளைத் தடவினால், பொருள் தெரியாவிட்டாலும் பெரும்பாலும் வாசித்துவிடுவார். கண்ணால் படிக்கும் நமக்கு அந்த வசதி இல்லை!

● கணினித் திரையில் இருப்பதைத் தமிழிலும் படித்துக் காட்டும் 'என்விடிஏ' மென்பொருளுக்குக் காசு கிடையாது. 2006-இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன். அவருக்கும் பார்வை கிடையாது. முதன்முதலில் கேட்பவருக்கு அந்தக் குரல் ஓட்டமாக ஓடும். வேகத்தைக் குறைத்து வைத்து, சுட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, விசைப்பலகைக் குறுக்கு வழிகளை ஒவ்வொன்றாகப் பழக்குங்கள்.

● 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருள், ஏற்ற உதவிக் கருவி எல்லாம் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவு. பள்ளியில் கேட்கும்போது பிரிவு எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள்.